சிவப்புப் பென்சில் அடித்த மூன்று கணக்குகள்

என் ஏழுமலை மச்சானுக்கு,

இழுத்து மூச்சு விட முடிகிற ஏதோ ஓர் இடத்தில் நீ இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதத் தோன்றாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று நீ கேட்கலாம். கேட்கமாட்டாய். உன்னோடு பெரிய தொல்லையே அதுதான், நீ எதையும் நேராகக் கேட்கமாட்டாய்.

எங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். ஒரு சார்பின் சார்பகம் காண்பது எப்படி என்று இரண்டு பக்கம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி. கணக்கு வாத்தியார் நான்தானே. மூன்று நாளாக உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன். முதல் வரி எழுதுவேன், அடிப்பேன். தண்ணீர் குடிப்பேன். வாசலுக்கு வந்து முதலியார்பேட்டை ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்ப்பேன், திரும்ப வந்து உட்காருவேன். உட்காருகிற இடத்தில் முள்ளா முளைத்திருக்கிறது என்று என் பெண்டாட்டி கேட்டுவிட்டாள்.

முள்தான். அந்தக் கட்டுரைக்குப் பதில் இந்தக் கடிதத்தையே மலருக்குக் கொடுக்கப் போகிறேன். போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும். படிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிற இந்த வேலை என் மச்சான் ஏழுமலைக்குப் போயிருக்க வேண்டியது. நான் சொன்ன ஒரே ஒரு பொய்யால் என் கைக்கு வந்தது. அந்தப் பொய்யை அவனிடம் ஒப்புக்கொள்ளாமலே அவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

உனக்குத் தெரிந்த கதைதான் மச்சான், மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ என் தாய்மாமன் மகன். என்னைவிட இருபது நாள் மூத்தவன், அதற்கே அவ்வளவு மிதப்பு உனக்கு. இரண்டு வீடும் ஒரே தெரு. என் அப்பா மில்லில் நூல் நூற்கிற பிரிவு, உன் அப்பா பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற பியூன். அந்த மணியின் புண்ணியத்தில் உனக்கு அங்கே இடம் கிடைத்தது. எனக்குத் தெருக்கோடி கவர்மென்ட் பள்ளிக்கூடம். நான் தமிழில் படித்து பி.யூ.சி. முடித்தபோது நீ பிரெஞ்சில் படித்து 'பக்' பரீட்சை முடித்தாய். இரண்டும் சமம் என்று சர்க்கார் காகிதத்தில் இருந்தது.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம். நான் இப்போது வேலை பார்க்கிற இதே பள்ளியில் கணக்குக்கு ஓர் உதவி ஆசிரியர் வேண்டும் என்றார்கள். புதுக் கணக்கு பாடத்தில் நுழைந்த காலம் அது. கணம், சார்பு, சார்பகம் என்று வந்ததும் பழைய வாத்தியார்களே தடுமாறினார்கள். அதனால் ஹெட்மாஸ்டர் ஒரு எழுத்துப் பரீட்சை வைத்து, அதில் முதலாக வருகிறவனுக்கு வேலை என்றார். பயிற்சிக்குப் பள்ளியே பிறகு அனுப்பும். பத்துக் கணக்கு, நூறு மதிப்பெண். நீயும் மனுப் போட்டாய், நானும் போட்டேன். கிடைக்காதவனுக்கு மில் இருந்தது.

பரீட்சை சனிக்கிழமை. முதல் நாள் வெள்ளிக்கிழமை வீராம்பட்டினத்தில் தேர். ஊரே அங்கே போயிருந்தது. தேருக்குக்கூட வராமல் அப்படி என்ன படிப்பு என்று என் அம்மா இரண்டு பேரையும் திட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். நாம் பொட்டானிக்கல் கார்டன் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஞாபகம் இருக்கிறதா, நீ பழைய காலண்டர் தாள்களைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தாய், பின்பக்கம் எழுத.

நான் கணக்கைப் பார்த்ததும் பாய்கிறவன். மேலே x² − 25, கீழே x − 5 என்று ஒரு சார்பு கொடுத்தால், மேலே பிரித்து, கீழே உள்ளதோடு அடித்து, x + 5 என்று சுருக்கிவிட்டு, சார்பகம் எல்லா எண்களும் என்று எழுதிவிட்டுச் சிரிப்பேன். அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். நீ என் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாய்.

"முதல்ல தொமேன் பாருடா. அடிக்கிறதுக்கு முன்னாடி பாரு. நீ அடிச்சிட்டா அஞ்சு போயிடுமா? அது அங்கதான் நிக்குது."

சார்பகத்தை நீ 'தொமேன்' என்றுதான் சொல்வாய். அதைப் பார்க்காமல் நீ எந்தக் கணக்கிலும் கை வைத்து நான் கண்டதில்லை. x-க்கு எந்தெந்த எண்ணைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது, முதல் வரி அதுதான். கீழே பூஜ்யம் வந்தால் வகுக்க முடியாது. வர்க்க மூலத்துக்குள் குறை எண் வந்தால் மூலம் எடுக்க முடியாது. இந்த இரண்டையும் விலக்கிவிட்டு மிச்சம் என்ன என்று பார். இன்றைக்கும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்லுகிறேன், உன் பெயரைச் சொல்லாமல்.

அடுத்து நீ ஒரு கணக்கு எழுதினாய். மேலே x − 2-க்கு வர்க்க மூலம், கீழே x − 5. மூலத்துக்காக x இரண்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இரண்டும் சேர்த்தி. வகுத்தலுக்காக ஐந்து மட்டும் கூடாது. நான் எங்கள் பள்ளிக்கூட வழக்கப்படி, சேராத எண்ணுக்கு வளைந்த பிராக்கெட் போட்டு, [2, 5) என்று எழுதி, அதற்குப் பிறகு (5, ∞) என்று சேர்த்தேன். நீ [2, 5[ என்று எழுதி ]5, +∞[ என்று சேர்த்தாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன மச்சான், பிராக்கெட் குப்புற விழுந்து கிடக்கிறதே என்றேன்.

எங்களுக்கு வளைந்த பிராக்கெட்டே கிடையாதுடா என்றாய். எண் வேண்டும் என்றால் பிராக்கெட் அதன் பக்கம் கையை நீட்டும், வேண்டாம் என்றால் முதுகைக் காட்டும், அவ்வளவுதான் என்று விரலால் காட்டினாய். இரண்டு நிமிஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. நன்றாகவே புரிந்துவிட்டது. இதை ஏன் அழுத்திச் சொல்லுகிறேன் என்றால், மூன்றே நாளில் எனக்கு அது தெரியாமல் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை பள்ளிப் பியூன் வந்து, ஹெட்மாஸ்டர் கூப்பிடுகிறார் என்று என்னை மட்டும் அழைத்துக்கொண்டு போனான். அவர் சிதம்பரத்துப் பக்கத்துக்காரர், பிரெஞ்சு வாசனையே படாதவர், ஆனால் நியாயமான மனுஷர். மேஜையில் இரண்டு விடைத்தாளும் இருந்தன. உன்னுடையதில் மூன்று கணக்கைச் சிவப்புப் பென்சிலால் சுழித்திருந்தார். மூன்றும் சார்பகக் கணக்கு. பேப்பரை என் பக்கம் திருப்பினார்.

"உன் மாமன் மகன்தானே? மத்த ஏழும் முத்து முத்தா போட்டிருக்கான். இதுல மட்டும் பிராக்கெட்டத் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கானே, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல இப்படித்தான் எழுதுவாங்களா?"

பாவம், அவர் தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒரு 'ஆமாம் சார்' போதும். நான் தயங்கவில்லை, மச்சான். நாக்கு குழறவில்லை. யோசிக்கக்கூட இல்லை. வாய் திறந்தது, வந்துவிட்டது.

"தெரியலை சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மூன்று சுழியையும் குறுக்கே அடித்தார். அந்தப் பென்சில் காகிதத்தில் போன சத்தம் எனக்குக் கேட்டது. அன்று மாலையே எனக்கு உத்தரவு வந்தது. நீதான் முதலில் ஓடி வந்து என்னைத் தூக்கிச் சுற்றினாய். நான் வாங்கிய மதிப்பெண் எண்பத்தைந்து. போன பதினைந்தில் பத்து எங்கே போனது தெரியுமா? ஒரு சார்பகக் கணக்கில் முதலில் அடித்துச் சுருக்கிவிட்டேன். நீ பெஞ்சில் உட்கார்ந்து சொன்ன அதே தப்பு.

அடுத்த மாதம் நீ மில்லில் சேர்ந்தாய். ரெண்டாம் ஷிப்ட், பஞ்சு பிரிக்கிற இடம். தலைமுடியெல்லாம் வெள்ளையாக வருவாய், கிழவன் வர்றான் என்று வசந்தா கேலி செய்வாள். என் தங்கச்சி வசந்தா, உனக்கு அத்தை மகள். வாத்தியார் வேலை கிடைத்திருந்தால் பெண் கொடுக்க உன் வீட்டுக்கு வரிசை கட்டியிருப்பார்கள் என்று ஊர் பேசியது, நீ மில்லுக்குப் போன பிறகும் அவள் உன்னைத்தான் கட்டிக்கொண்டாள். நீ தாலி கட்டினபோது பக்கத்தில் நின்று அட்சதை போட்டவன் நான். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். கல்யாண வீட்டில் எதற்கு என்று தோன்றியது. கீதா பிறந்தபோது சொல்லியிருக்கலாம். நல்ல நாளில் எதற்கு என்று தோன்றியது. நல்ல நாளில் நல்ல நாள் என்று தோன்றும், கெட்ட நாளில் இந்த நேரத்திலா என்று தோன்றும். சொல்லாமல் இருப்பதற்கு எனக்குக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை.

பிறகு உனக்கு இருமல் வந்தது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாய். பஞ்சுத் தூசிதானா என்று நான் டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். இருக்கலாம், பல காரணம் உண்டு, ஒன்றை மட்டும் சொல்ல முடியாது என்றார். அவர் உறுதியாக ஆமாம் என்றிருந்தால் நான் உடைந்திருப்பேன். இல்லை என்றிருந்தால் தப்பித்திருப்பேன். இரண்டுமில்லாமல் இந்தப் பத்து மாதமாக அந்த 'இருக்கலாமை' வைத்துக்கொண்டு அல்லாடுகிறேன்.

சரி, இப்போது நடந்ததைச் சொல்லுகிறேன். இந்த வருஷம் பிரெஞ்சுப் பள்ளியிலிருந்து ஒரு பெண் எங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். போர்டில் சார்பகம் எழுதச் சொன்னேன். அவள் [2, 5[ என்று எழுதினாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பா சார் என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். சரிதான், அவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமா சார் என்று ஒருத்தன் கேட்டான். எனக்கு இது தெரியும் என்று சொன்னேன். சொன்ன பிறகு பாடத்தைத் தொடர முடியவில்லை. மிச்ச நேரத்துக்கு ஏதோ எழுதிப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பின்னால்தான் இந்த மலர்க் கட்டுரை வந்து சேர்ந்தது. எழுத முடியவில்லை. நேற்று சாயங்காலம் எழுந்து நேரே உன் வீட்டுக்குப் போனேன்.

வசந்தா இப்போது தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். அப்போதுதான் வந்திருந்தாள், உடம்பெல்லாம் சோப்பு வாசனை. அரிசி களைந்துகொண்டிருந்தாள். கீதா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். உட்காராமலே ஆரம்பித்தேன். உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று பயம். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டது, கேட்டது, நான் தெரியலை என்றது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் அரிசியில் இருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும்ணா. அவருக்கும் தெரியும். அந்த வாரமே தெரியும்."

அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

அவள் சொன்னதைச் சொல்லுகிறேன், நீயே சரியா என்று பார்த்துக்கொள். உங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பேப்பரைத் திருத்தினால் எழுதினவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். 'கோப்பி' என்பீர்களாம் அதை. எங்கே தப்பு என்று அவன் பார்த்துக்கொள்ள வேண்டுமே. எங்கள் பக்கம் பேப்பர் போனால் போனதுதான், யார் கேட்பார்கள்? எனக்கு அது கனவிலும் தோன்றவில்லை. ஊர் உலகத்தில் எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, நீ அந்த வியாழக்கிழமையே போய், என் கோப்பியைக் கொடுங்கள் சார் என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டிருக்கிறாய். அவர் திகைத்துப்போய், பீரோவில் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். அடித்திருந்த மூன்று கணக்கையும் காட்டி, உன் மச்சானையே கூப்பிட்டுக் கேட்டேன், அவனும் தெரியலை என்றுவிட்டான் என்று சொல்லியிருக்கிறார்.

நீ ஒரு வார்த்தை பேசாமல் பேப்பரை மடித்துக்கொண்டு வந்துவிட்டாயாம். கல்யாணத்துக்கு அப்புறம் வசந்தா கேட்டிருக்கிறாள், அங்கேயே சொல்லியிருக்கலாமே என்று. நீ சொன்ன பதிலை அவள் உன் குரலிலேயே சொன்னாள்.

"நான் சொன்னா அவன் பொய் சொன்னான்னு ஆயிடும். அவன் வாயால வரட்டும். வருவான்."

அதனால்தானா மச்சான்? ஆஸ்பத்திரியில் தினம் நாலு மணிக்கு வந்து உன் கட்டில் பக்கத்தில் உட்காருவேன். இன்ஸ்பெக்‌ஷன் வந்த கதை சொல்லுவேன், மில் கேட்டில் நடக்கிற கூட்டம் பற்றிச் சொல்லுவேன், கீதா ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்ததைச் சொல்லுவேன். முடித்ததும் நீ "வேற?" என்பாய். இன்னொன்று சொல்லுவேன். மறுபடி "வேற?" நான் அதை நாலு பேர் கேட்கிற சாதாரண 'வேற' என்று நினைத்து, மழை பெய்ததையும் கிரிக்கெட் ஸ்கோரையும் சொல்லிக்கொண்டிருந்தேனே. கடைசி நாளும் கேட்டாய். ஒன்றுமில்லை மச்சான், நீ தூங்கு என்று போர்வையை இழுத்துவிட்டு வந்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. பதினோரு வருஷம் தெரிந்துகொண்டே என் வீட்டுத் தட்டில் சாப்பிட்டிருக்கிறாய். தீபாவளிக்கு என் பிள்ளைகளுக்குப் பட்டாசு வாங்கி வந்திருக்கிறாய். பார்க்கிறவனிடமெல்லாம் என்னை எங்க வாத்தியார் என்று பெருமை பேசியிருக்கிறாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள், சட்டையைப் பிடித்து இழுத்து ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா? நானும் அழுதிருப்பேன், நீயும் திட்டியிருப்பாய், முடிந்திருக்கும். என்மேல் அவ்வளவு நம்பிக்கை வைக்க உனக்கு யார் சொன்னது?

இல்லை, இப்படிப் பேச எனக்கு வாய் ஏது. விடு.

வசந்தா உள்ளே போய் டிரங்க் பெட்டியிலிருந்து அந்தக் கோப்பியை எடுத்து வந்தாள். நாலாக மடித்தது, மடிப்பில் நைந்திருக்கிறது. நான் அழுதேன். அவள் அழவில்லை.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? உனக்குப் பாரம் எறங்கணும்னா? யாருகிட்ட தெரியலைன்னு சொன்னியோ, அவருகிட்டப் போய்ச் சொல்லு."

உலையில் அரிசியைப் போட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் எனக்கு அது முதல் தடவை. பேப்பரை மட்டும் என் கையில் வைத்தாள்.

ஹெட்மாஸ்டர் ரிட்டயராகி சிதம்பரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் கொஞ்சம் மங்கல் என்று கேள்வி, ஞாபகம் நன்றாக இருக்கிறதாம். என்னை என்ன சொல்வாரோ, பள்ளியில் என்ன சொல்வார்களோ, என் பெண்டாட்டி இன்னும் இந்தக் கடிதத்தைப் பார்க்கவில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை முதல் கடலூர் பஸ்ஸில் ஏறிவிடுவேன், அங்கிருந்து சிதம்பரம். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. நல்ல நாள் கெட்ட நாள் பார்க்கமாட்டேன். எனக்குத் தெரியும் சார், அன்றைக்கே தெரியும் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். அப்புறம் சிவப்புப் பென்சிலை அவர் கையில் கொடுத்து, இந்த மூன்று கணக்கையும் திருத்துங்கள் என்று கேட்பேன். கண் தெரியாவிட்டால் நான் படித்துக் காட்டுவேன்.

நான் ராத்திரியெல்லாம் சரிபார்த்துவிட்டேன் மச்சான். மூன்றும் சரி. அவர் உனக்குப் போட்ட மொத்தம் எழுபது. அதோடு முப்பதைக் கூட்டினால் நூறு.

உன் அத்தை மகன்,
வசந்தாவுக்கு அண்ணன்,
கலியபெருமாள்